அம்மாவின் அறை பின்னாளில் யாருடைய அறை? புது வீட்டுப் பிளான் பற்றிய கேள்விக்குப் பதில்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் கிழக்குப் பார்த்த 20 பேர்ச் வளவு, அறுபது அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். வடகிழக்கு மூலையில் பழைய கிணறு இருக்கிறது. அவர் கட்டாரில். இங்கே நான், 17 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள், முழங்கால் நோவோடு என் அம்மா. படவரைஞர் ஒருவர் 1750 சதுர அடியில் பிளான் கீறித் தந்திருக்கிறார்: நாலு அறை, பெரிய ஹோல், போர்ட்டிகோ, மேலே முழுக்க சிலாப், ஏனென்றால் சின்ன மகளுக்குப் பிறகு மேல்மாடி கட்டலாம் என்று. பிரதேச சபைக்கு இன்னும் கொடுக்கவில்லை. பெரியப்பா வாஸ்து பிழை என்கிறார், தம்பி ஹோல் காணாது என்கிறார், மேசன் ஆவணிக்குள் அத்திவாரம் போடவேண்டும் என்று அந்தரப்படுத்துகிறார். இதில் என்ன மாற்றலாம்?

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய பிளான் மோசமான பிளான் இல்லை. கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, அளவுகள் கூட்டினால் சரிவருகிறது, அதுவே பலருடைய பிளானில் வராது. ஆனால் அது றோட்டில் நின்று பார்ப்பவருக்காகக் கீறிய வீடு. முன்னுக்குப் போர்ட்டிகோவும் பெரிய ஹோலும், நாள் முழுக்க நீங்கள் நிற்கப்போகிற குசினி மேற்கு மூலையில் எட்டுக்கு ஒன்பது. இன்னொன்று, அது இன்றைக்கு அந்த வீட்டில் யார் யார் என்று எண்ணிக் கீறியது. எங்கள் பக்கத்தில் வீடு அப்படி நிற்பதில்லையே.

பெரியவளுக்கு 17. இன்னும் ஏழெட்டு வருடத்தில் கலியாணம் என்று வையுங்கள். இந்த வீடு அவளுடைய சீதன வீடு என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். மருமகன் வந்து இந்த வீட்டில்தான் இருப்பார். அப்போது தென்மேற்கில் இருக்கும் பெரிய அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நீங்களும் அவரும் எங்கே போவீர்கள்? பிளானில் அம்மாவின் அறை என்று எழுதியிருக்கிற, பத்தடிக்குப் பத்தடி, ஒரே ஒரு சின்ன யன்னல் வைத்த, பாத்ரூமுக்கு ஹோலைக் குறுக்கே கடந்து போகவேண்டிய அந்த அறைக்கு. அம்மாவுக்கு இப்போதைக்கு இது போதும் என்று ஒதுக்கியது நாளைக்கு உங்கள் அறை. அதனால் நான் முதலில் திருத்தச் சொல்வது அந்த அறையைத்தான், ஹோலை அல்ல.

அந்தப் பத்துக்குப் பத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பிளானில் அளவு சுவரின் நடுவில் இருந்து நடுவுக்குப் போட்டிருக்கிறது. ஆறு அங்குலக் கல், இரண்டு பக்கமும் அரை அங்குலப் பூச்சு, ஆக உள்ளே கிடைப்பது ஒன்பது அடி ஐந்து அங்குலம். கட்டில் தலைப்பலகையோடு ஆறரை அடி நீளம். மிச்சம் மூன்று அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. கால்மாட்டுச் சுவரில் அலுமாரி வைத்தால் அது இரண்டு அடியைத் தின்னும், பதினொரு அங்குலம் மிஞ்சும், அலுமாரிக் கதவே திறக்காது. சரி, அலுமாரியைப் பக்கத்தில் வைப்போம் என்றால் ஐந்தடிக் கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டவேண்டும், அப்போது உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்கவேண்டும், இரவில் இரண்டு தரம் எழும்புகிற வயதில் இது நடக்கிற காரியமா? உங்கள் நாலு அறையும் இதே அளவு, பெரியது என்று சொல்கிற அறை மட்டும் இரண்டு அடி கூட.

நாலாவது அறை யாருக்கு என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. விருந்தாளிக்கு என்றுதான் நினைக்கிறேன். வருடத்தில் கோயில் திருவிழாவுக்கும் ஒரு சடங்குக்கும் வருகிற சனம் ஹோலிலும் விறாந்தையிலும் பாய் விரித்துப் படுத்துக் கதைத்துக்கொண்டு கிடப்பதைத்தான் விரும்பும். மற்ற நாளில் அந்த அறைக்குள் நெல் மூட்டையும் உடைந்த மேசைக் காற்றாடியும் கிடக்கும். அதை எடுத்துவிடுங்கள். மூன்று அறை, ஒவ்வொன்றும் உள் அளவில் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல். இனி எந்த அளவையும் உள் அளவாகவே கேளுங்கள்.

இப்போது எது எந்தப் பக்கம் என்பது. மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர் இரண்டு காற்றுக்கும் ஒரு மழைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். மே மாதம் தொட்டு செப்டெம்பர் வரைக்கும் வீசுகிற கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, மேற்கே மலைநாட்டின் அந்தப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருவதால் வறண்டு சுட்டுக்கொண்டு வரும். அதே மாதங்களில் மேற்குச் சுவரில் பின்னேர வெயில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒருதடவையும் செப்டெம்பர் தொடக்கத்தில் ஒருதடவையும் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும், இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், அதனால் வடக்குச் சுவர் எப்போதும் குளிர்ச்சி என்று இந்தியப் புத்தகங்களில் எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. கடல்காற்று கிழக்கில் இருந்து வரும், அதுதான் எங்களுக்குக் கிடைத்த வரம். மாரி மழை வடகிழக்கில் இருந்து சாய்த்து அடிக்கும், அதுவும் அந்த வரம் வருகிற அதே பக்கத்தால்.

உங்கள் பிளானில் பெரிய அறைக்கு மேற்கில் ஆறடிக் கண்ணாடி யன்னல். ஆனி ஆடியில் அந்தச் சுவர் பின்னேரம் முழுக்கச் சூடு குடித்து இரவு பத்து மணிக்குப் பிறகு உங்கள் கட்டிலுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும், மேலே சிலாப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பெரியப்பா சொல்கிறபடி அறை கன்னி மூலையான தென்மேற்கிலேயே இருக்கட்டும், சண்டை வேண்டாம். ஆனால் பெரிய யன்னலைத் தெற்குப் பக்கம் எடுங்கள், மேற்கில் உயரத்தில் ஒரு சின்னக் காற்றுவழி போதும், மேற்குச் சுவரோடு முழு நீளத்துக்கும் அலுமாரியை அடியுங்கள். துணி சூடுபட்டால் ஒன்றும் ஆகாது.

நான் சொல்லும் ஒழுங்கு இதுதான், கடதாசியில் கீறிப் பாருங்கள். தெற்குப் பக்கம் முழுக்க மூன்று அறைகள் வரிசையாக: கிழக்கில் பிள்ளைகளின் அறை, கடல்காற்று அவர்களுக்கு, நடுவில் அம்மாவின் அறை, மேற்கில் உங்கள் அறை. வடக்குப் பக்கம் கிழக்கில் ஹோல், அதன் பின்னால் சாப்பாட்டு இடம், வடமேற்கு மூலையில் குசினி. தென்கிழக்கு அக்கினி மூலை கிடைக்காவிட்டால் வடமேற்கு வாயு மூலையில் அடுப்பு வைக்கலாம் என்று வாஸ்துகாரரே சொல்வதுண்டு, பெரியப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் அறைக்கும் குசினிக்கும் நடுவே மேற்குச் சுவரோடு ஒட்டி இரண்டு பாத்ரூமும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று உங்கள் அறைக்குள் இருந்து, மற்றது பொதுவாக. பாத்ரூம் சூடானால் யாருக்கும் நட்டமில்லை, ஈரம் காயும். பொதுப் பாத்ரூமின் கதவு சாப்பாட்டு மேசையைப் பார்த்துத் திறக்காமல் முன்னால் நாலைந்து அடி ஒதுக்கி ஒரு கைகழுவும் தொட்டி வையுங்கள். அம்மாவின் அறைக் கதவில் இருந்து அந்த இடத்துக்கு ஏழெட்டுக் காலடிதான், நடுவில் படி இல்லை, பாத்ரூம் வாசலிலும் உயர்ந்த கட்டு வேண்டாம், கதவு முப்பத்திரண்டு அங்குலமாவது திறக்கட்டும். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் அது போகும்.

இந்த ஒழுங்கில் பிளானின் நடுவே ஓடுகிற நாலு அடி அகல, இருபத்தாறு அடி நீள நடை தேவையில்லாமல் போகும். அது மட்டும் 104 சதுர அடி. மேசன் சதுர அடிக்குச் சொன்ன விலையால் பெருக்கிப் பாருங்கள், வெளிச்சமும் இல்லாத காற்றும் இல்லாத ஒரு இருட்டுக்கு எவ்வளவு கொடுக்கப் பார்த்தீர்கள் என்று தெரியும். எல்லாம் சேர்த்து முன் விறாந்தையோடு 1600 சதுர அடிக்குள் முடிந்துவிடும். தம்பிக்கு ஹோல் காணாது என்றால், ஹோலையும் சாப்பாட்டு இடத்தையும் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

விறாந்தை என்று எழுதிவிட்டேன், போர்ட்டிகோ எங்கே என்று கேட்பீர்கள். போர்ட்டிகோ வேண்டாம். உங்களிடம் கார் இல்லை, ஸ்கூட்டிக்கு வடக்குப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கினால் போதும். அந்தக் காசில் கிழக்கே எட்டடி அகல விறாந்தை. ஐந்தடி விறாந்தை செருப்புக் கழற்றத்தான் உதவும். எட்டடி இருந்தால் கதிரை போட்டு ஆள் உட்கார்ந்து முன்னால் இன்னொருவர் நடக்கலாம், மாரியில் சாரல் உள்ளே மூன்று அடி வந்தாலும் ஹோல் கதவு நனையாது, வெயில் காலத்தில் கடல்காற்று நிழலுக்குள்ளால் குளிர்ந்து உள்ளே வரும். மீன்காரர், மரக்கறிக்காரர், சமுர்த்தி உத்தியோகத்தர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிநேகிதிகள் எல்லாரும் விறாந்தையோடு நிற்கிற சனம். ஹோலுக்குள் வருவது வருடத்தில் சில நாள்தான்.

குசினியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் கூடுதலாகக் காசைக் கொட்டிக் குறைவாகப் பாவிப்பது இதைத்தான். டைல்ஸ் பதித்து, கபேட் அடித்து, விருந்தாளிக்குக் காட்டி முடிந்ததும் பின்னால் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு அதற்குள்தான் விறகடுப்பில் சோறு. மீன் வெட்டுவது கிணற்றடியில் குந்தியிருந்து. இது நடக்கும் என்று தெரிந்தே ஏன் பிளானில் போடாமல் விடுகிறோம்? உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு குசினி, அதை ஒட்டி வடக்குப் பக்கமாக எட்டுக்குப் பதினாலு வெளிக்குசினி: ஒரு தண்ணீர்க் குழாய், நின்று மீன் வெட்ட ஒரு மேடை, திருவலை வைக்க ஒரு திட்டு, விறகடுப்பு. அந்த அடுப்புக்கு மேற்கே ஆளுயரச் சுவர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கச்சானுக்கு நெருப்பு ஒருபக்கம் படுக்கும், புகை முழுக்க வீட்டுக்குள் வரும். உள் குசினியில் இரண்டு கதவையும் நேருக்கு நேர் போட்டிருக்கிறார்கள், அது மேடையை இரண்டாக வெட்டுகிறது. இரண்டையும் ஒரே மூலைக்குத் தள்ளினால் எல் வடிவில் மேடை முழுதாகக் கிடைக்கும். மேடை உயரம் மேசன் சொல்கிற உயரம் அல்ல, உங்கள் முழங்கையில் இருந்து நாலு விரல் கீழே, அளந்து சுவரில் கோடு போட்டுக் கொடுங்கள்.

கிணறும் மலக்குழியும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிளானில் மலக்குழி வடக்குச் சுவரோரம், கிணற்றுக்கு இருபத்தெட்டு அடியில் இருக்கிறது. எங்கள் கரையோர மணலில் தண்ணீர் வேகமாக ஊறும், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், குழியில் இருப்பதும் கிணற்றில் இருப்பதும் ஒன்றாகிவிடும். ஊரில் சொல்கிற ஐம்பது அடிக்கு ஒருபோதும் குறைக்காதீர்கள், கூட இருந்தால் இன்னும் நல்லது. நான் சொன்ன ஒழுங்கில் பாத்ரூம்கள் மேற்கே போவதால் குழியும் பின்வளவில் மேற்கு எல்லைப் பக்கம் போகும், கிணற்றுக்கு எழுபது அடிக்கு மேல் கிடைக்கும். ஆனால் குழிக்கு இடம் குறிக்க முதல் பின்வளவுக்காரரின் கிணறு எங்கே என்று பாருங்கள், அவருடைய குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும். ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கப் போனால் தெரிந்துவிடும்.

தரை மட்டம். 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த வளவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் கேளுங்கள், பழைய வீட்டுச் சுவர்களில் சிலவேளை அடையாளமே இருக்கும். அதற்கு மேலேயும், றோட்டின் நடு முதுகில் இருந்து இரண்டு அடிக்குக் குறையாமலும் தரை வரட்டும். றோட் ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்ந்துகொண்டுதான் போகும், வீடு உயராது. இரண்டு அடி என்றால் அம்மாவுக்கு நாலு படி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சாய்தளம் வைத்தால் இருபத்துநாலு அடி வேண்டும், முன்வளவில் அது நேராக அடங்காது, வடக்குப் பக்கச் சுவரோடு ஒட்டி விறாந்தையின் ஓரத்துக்கு ஏறவிடலாம். வீட்டைத் தெற்கு எல்லையில் இருந்து ஏழு அடி விட்டு நிறுத்தினால் வடக்கில் பதினெட்டு அடி கிடைக்கும், சாய்தளமும் ஸ்கூட்டியும் கிணற்றுப் பாதையும் எல்லாம் அதற்குள். எல்லைக்கு எவ்வளவு விடவேண்டும், வீதிக்கோடு எங்கே என்பதைப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதி எடுங்கள்.

சின்ன மகளின் மேல்மாடிக்கு வருகிறேன். அவளுக்கு 12 வயது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பாவிக்காத ஒன்றுக்காக இப்போதே தூண், பீம், முழுச் சிலாப் என்று காசைக் கொட்டி, அந்தச் சிலாப்பின் சூட்டுக்குக் கீழே படுத்து, மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசில் அவளுக்கு வேறு துண்டுக் காணி வாங்க வழி இருந்தால் அதைச் செய்யுங்கள், இரண்டு மருமகன்மாருக்கும் நல்லது. வழியே இல்லை, மேல்மாடிதான் என்றால் அதையும் இப்போதே முடிவெடுக்க வேண்டும், பிறகு பார்ப்போம் என்று விட முடியாது: பொறியியலாளர் ஒருவரிடம் அத்திவாரமும் தூணும் கணக்குப் போட்டு எடுங்கள், மேசனின் அனுபவம் இதற்குக் காணாது. படியை வெளியே வடக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பிளானில் ஹோலுக்குள் படி. அக்காவின் ஹோலுக்குள்ளால் ஏறித்தான் தங்கச்சி தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அந்த வீடு எத்தனை வருடம் சமாதானமாக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மேல்மாடி இல்லை என்று முடிவெடுத்தால் ஓடு போடுங்கள், பாத்ரூம் இரண்டுக்கும் மேலே மட்டும் சிலாப், தண்ணீர்த் தாங்கிக்கு. தாழ்வாரம் மூன்று அடி வெளியே நீளட்டும். கூரை மரத்தைச் சுவரின் மேல் பீமோடு கம்பியால் இறுக்கிக் கட்டுவதை நீங்கள் நின்று பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட அம்மாவிடம் இதை விளக்கத் தேவையில்லை, அவவையே கதிரை போட்டு மேற்பார்வைக்கு இருத்துங்கள்.

பிளானைத் திருத்தியதும் வளவில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பால் அறைகளைக் கீறி, கட்டிலின் அளவுக்குப் பாயை விரித்து, அம்மாவையும் பிள்ளைகளையும் அதற்குள் நடக்கவிடுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன்: வெட்ட வெளியில் கீறினால் எந்த அறையும் கோழிக்கூடு போலத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடி கூட்டி மறுபடியும் 1750க்குப் போய்விடாதீர்கள். கண்ணை நம்பாமல் அளவு நாடாவை நம்புங்கள்.

மேசனின் ஆவணி. படவரைஞருக்குத் திருத்த நாள் வேண்டும், சபையில் அனுமதி எடுக்க நாள் வேண்டும். அனுமதி கையில் இல்லாமல் கிடங்கு வெட்டவேண்டாம். ஆவணி நடுவுக்குள் எல்லாம் கைக்கு வந்தால் தொடங்கலாம். வராவிட்டால் ஐப்பசியில் கிடங்கு வெட்டி அதற்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்பதில் பிரயோசனம் இல்லை, தைப்பொங்கல் கழியட்டும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். இப்போதே வளவுக்கு மண் போட்டு மட்டப்படுத்துங்கள், ஒரு மாரி முழுக்க நனைந்து அது இறுகும், பிறகு தரை வெடிக்கிற கரைச்சல் குறையும். அந்த மழையில் தண்ணீர் எந்த மூலையில் தங்குகிறது, எந்தப் பக்கத்தால் வடிந்து ஒழுங்கைக்குப் போகிறது என்று பிள்ளைகளைக் கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள், மேசனிடம் அத்திவாரத்துக்கு முற்பணம் கொடுக்கிற அன்றைக்கு அந்தப் படங்களையும் பிளானோடு சேர்த்துக் கொடுங்கள்.